வெள்ளத்துக்கு முன் வரவேண்டிய சொல்

'அனர்த்தம்' என்பது வடமொழியினின்று வந்து தமிழில் நெடுங்காலமாக வழங்கும் சொல். அர்த்தம் என்றால் பொருள், பயன். அதன் எதிர்மறை அனர்த்தம். கேடு என்பது அதன் வழக்குப் பொருள். பொருளின்மை என்பது அச்சொல்லின் உறுப்புக்கள் தாமே தரும் பொருள். நம் நாட்டில் வெள்ளம், மண்சரிவு, சூறாவளி என்பவற்றை எதிர்கொள்ள அமைந்த அரச நிறுவனத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்று பெயர். பெயரிட்டோர் கேடு என்ற பொருளையே கருதினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மற்றப் பொருளும் அப்பெயருள் மறைந்து நிற்கின்றது. வெள்ளம் இயற்கை. அது கேடாய் முடிவதும் முடியாததும், அதற்கு முன் வரும் எச்சரிக்கை பொருளுடைய சொல்லாக வருகின்றதா, வெற்றோசையாக வருகின்றதா என்பதிற் பெரிதும் தங்கியுள்ளது. இக்கட்டுரை அச்சொல்லைப் பற்றியது.

யான் வாழும் பேலியகொடை கொழும்பு மாநகரின் வடவாயில். கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரியும் இடம். 1875 ஆம் ஆண்டிலே தோன்றிய வித்தியாலங்கார பிரிவேனாவினால் கீழைத்தேயக் கல்விக்குப் பேர்போன ஊர். இன்றோ மீன் சந்தையினாலும் மேம்பாலங்களினாலும் அறியப்படும் ஊர். இவையெல்லாவற்றுக்கும் மூத்தது இதன் தென்னெல்லையாக ஓடும் களனி கங்கை. அக்கரையில் கிராண்ட்பாஸ், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை. இக்கரையில் நாம்.

இவ்வாறு எங்கே பிறக்கின்றது என்பதைத் தமிழ் மாணாக்கர் அறிந்திருத்தல் வேண்டும். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மத்திய மலைநாட்டில் தோன்றி, மவுசாகலை, காசல்ரீ என்னும் நீர்த்தேக்கங்களைக் கடந்து, கித்துல்கலைக்கு அண்மையிற் கூடிக் களனி கங்கை ஆகின்றன. அவை பிறக்கும் மலைச்சரிவுகள் தேயிலைத் தோட்டங்கள். அங்கே மழையில் நனைந்து கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் தமிழ் மக்கள். ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடி ஆறு கடலை அடையும் முகத்துவாரத்துக்கு அண்மையிலும் தமிழ் பேசும் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். மலையிலே பெய்த மழை ஒரு தமிழ்க் குடியின் கூரையில் விழுந்து, பின்னர் மற்றொரு தமிழ்க் குடியின் வாயிலுக்கு வருகின்றது. இடையில் அது ஓடும் நாடு சிங்களம் பேசும் நாடு. ஆற்றுக்கு மொழியில்லை, ஆறு வருகின்றது என்ற செய்திக்கோ மொழி உண்டு.

களனி பெருகுவது புதுமையன்று. 1947, 1989, 2016 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களைக் கீழ்க்களனி மக்கள் ஆண்டுக் கணக்கன்றி அடிக் கணக்கிலேயே நினைவிற் கொண்டுள்ளனர். 1924 ஆம் ஆண்டில் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆற்றின் இருமருங்கிலும் மண்ணணைகள் எழுந்தன. தென்கரை அணையின் நோக்கம் கொழும்பு நகரைக் காப்பது. வடகரையிலும் அணை உண்டு. ஆனால் அணைக்கும் ஆற்றுக்கும் இடையே குடியேறிய எளிய மக்களுக்கு எந்த அணையும் காவலன்று. அவர்கள் அணைக்கு உள்ளே ஆற்றோடு வாழ்கின்றவர்கள். மேலும், இங்கே நிலம் தட்டையானது. கடல் ஏற்றத்தின்போது ஆறு தன் நீரைக் கடலுள் செலுத்தமாட்டாது தயங்கி நிற்கும். முன்னாளில் அந்நீரை வாங்கித் தேக்கிய சதுப்பு நிலங்கள் பல மண்ணிட்டு நிரப்பப்பட்டுவிட்டன.

இனி, எச்சரிக்கை எவ்வாறு பிறக்கின்றது என்று காண்போம். ஆற்றின் நெடுகிலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தார் நீர்மட்டத்தை அளக்கின்றனர். நோர்வூட், கித்துல்கலை, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல என்று படிப்படியாக இறங்கிவரும் அளவிடங்களுள் இறுதியானது, எமக்கு எதிர்க்கரையில் உள்ள நாகலகம் வீதி அளவுகோல். அங்கே நீர் 5 அடியை எட்டினாற் சிறு வெள்ளம். 7 அடியை எட்டினாற் பெருவெள்ளம். 9 அடியைக் கடந்தால் ஆபத்தான வெள்ளம். 12 அடியைக் கடந்தால் அதற்கும் மேலான பேரிடர். 1947 இல் நீர் 12 அடியையும் கடந்தது. மேலே கிளென்கோர்ஸில் நீர் ஏறும்பொழுதே கீழே நாகலகம் வீதியில் என்ன நிகழும் என்று கணிக்க இயலும். ஆறு மலையிலிருந்து எம்மிடம் வந்துசேர எடுக்கும் அந்தப் பொழுதே எமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அதை வீணாக்காமற் காப்பதே வெள்ள ஆயத்தம் என்பதன் முழுப்பொருள்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கோள் வந்தபோது இந்நாட்டில் எச்சரிக்கைக்கு ஓர் ஒழுங்கு இருக்கவில்லை. அதன் பின்னரே 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. அதற்கு மாவட்டந்தோறும் ஓர் ஒருங்கிணைப்புப் பிரிவு உண்டு. பேலியகொடை கம்பஹா மாவட்டத்தைச் சேர்ந்தது. அக்கரையிலுள்ள கொட்டாஞ்சேனை கொழும்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆறு ஒன்றாயினும் அலுவலகம் இரண்டு. வளிமண்டலவியல் திணைக்களம் மழையைச் சொல்லும். நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றைச் சொல்லும். நிலையம் அவ்விரண்டையும் மாவட்டத்துக்கு அனுப்பும். மாவட்டம் பிரதேச செயலகத்துக்கும், அது கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லும். 117 என்ற இலக்கத்தை அழைத்தால் இரவென்றும் பகலென்றும் பாராது மறுமொழி கிடைக்கும்.

மழையில்லாத காலத்தில் இவர்கள் செய்யும் பணியே பெரிது. கிராம மட்டத்திற் குழுக்களை அமைக்கின்றனர். முன்னெச்சரிக்கைக்குச் சிலர், மீட்புக்குச் சிலர், முதலுதவிக்குச் சிலர், முகாம் நடத்தச் சிலர் என்று பணிகளைப் பகிர்கின்றனர். எந்த ஒழுங்கையில் முதலில் நீர் ஏறும், எவ்வழியாக வெளியேறலாம், எந்தப் பாடசாலை மேட்டில் உள்ளது என்று ஊராரைக் கொண்டே ஊரின் படத்தை வரைவிக்கின்றனர். ஒத்திகை நடத்துகின்றனர். முதியோர், நோயாளர், கருவுற்றோர் வாழும் வீடுகளைக் குறித்துவைக்கின்றனர். எங்கே இக்குழு உயிரோடிருக்கின்றதோ அங்கே வெள்ளம் உடைமையைக் கொண்டுபோகும், உயிரைக் கொண்டுபோவது அரிது. எங்கே அது பதிவேட்டில் மட்டும் இருக்கின்றதோ அங்கே ஒவ்வொரு வெள்ளமும் முதல் வெள்ளமே.

இவ்வளவும் இருந்தும் எங்கே இடறுகின்றது? எம் பாடசாலையிற் பெற்றோர் கூட்டம் ஒன்றில், மலைநாட்டிலிருந்து வந்து ஆற்றோரத்திற் குடியிருக்கும் தாயொருவர் என்னிடம் வினாவினார்: "ஐயா, ரேடியோவுல ஏழு அடின்னு சொல்றாங்களே, அது எங்க வீட்டுல எதுவரைக்குங்க ஐயா?" பேரறிஞர் பலர் கேளாத கேள்வி இது. நாகலகம் வீதியின் 7 அடி என்பது அளவுகோலில் ஆற்றின் மட்டம். வீட்டுள் நிற்கும் நீரின் ஆழமன்று. 7 அடி என்று கேட்டுத் தன் கூரைமட்டும் நீர் வருமென்று நடுங்குபவரும் உளர். 5 அடிதானே என்று உறங்கச் சென்று, நள்ளிரவில் நீரிலே கால் வைப்பவரும் உளர். அளவுகோல் பேசும் மொழியை வாசற்படியின் மொழியாக மாற்றித் தருவார் இல்லாதவரை, அந்த எண் சரியானதாயினும் பொருளற்றது.

எண் ஒருபுறம் நிற்க, வாக்கியத்துக்கு வருவோம். நாம் மழைக்காலந்தோறும் கேட்கும் அறிவித்தல் பெரும்பாலும் இந்த அச்சில் வார்த்ததாக இருக்கும்: தாழ்நிலப் பிரதேசங்களில் வெள்ள நிலைமை ஏற்படக்கூடும் என்பதால் அப்பிரதேசங்களில் வசிக்கும் மக்கள் மிகுந்த அவதானத்துடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். இதை ஓர் உயர்வகுப்பு மாணாக்கனிடம் தந்து இலக்கணம் கேளுங்கள். முடிக்கும் சொல் செயப்பாட்டு வினை. கேட்டுக்கொள்பவர் யார்? செய்பவரைக் கூறவில்லை. எப்பொழுது? காலம் கூறவில்லை. தாழ்நிலம் எது? இடம் கூறவில்லை. அவதானத்துடன் செயற்படுதல் என்றால் என்ன செய்தல்? வினையே கூறவில்லை. செய்பவனும் காலமும் இடமும் வினையும் இல்லாத வாக்கியம் ஒருவனை எழுப்பி ஓடச்செய்வது எங்ஙனம்?

தமிழுக்கு அச்சத்தைச் சொல்லத் தெரியாது என்று எவரும் கருதவேண்டா. விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் என்னும் நிலைகளில் ஒரு சொல் அடுக்கி வரும் என்று நம் இலக்கணம் கூறும். 'பாம்பு பாம்பு' என்றும் 'தீத் தீத் தீ' என்றும் உரையாசிரியர் காட்டிய எடுத்துக்காட்டுக்களைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். விரைவின் பொருட்டுக் காலம் பிறழ்ந்து வருதல் வழுவன்று என்றும் நன்னூலார் அமைதி கூறினர். வரப்போகும் வெள்ளத்தை 'வெள்ளம் வந்துவிட்டது, ஓடுங்கள்' என்று இறந்தகாலத்தாற் கூவுபவன் பொய்யனல்லன், காலவழுவமைதி அறிந்தவன். ஆணைக்கு ஏவல் உண்டு. வேண்டுகோளுக்கு வியங்கோள் உண்டு. பரிபாடலில் வையையிற் புதுப்புனல் பெருகியபோது ஊரூராகப் பறையொலி எழுந்தமை பேசப்படுகின்றது. ஓர் ஊரின் பறை அடுத்த ஊருக்கு எச்சரிக்கை. இத்தகைய மொழியை உடைய நாம், வெள்ளம் வரும் இரவிலே 'கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்' என்று எழுதிக்கொண்டிருத்தல் தகுமோ?

நல்ல எச்சரிக்கை எவ்வாறிருக்கும்? 'ஆற்றுக்கும் அணைக்கும் இடையில் வாழ்வோரே, இன்றிரவு பத்து மணிக்கு முன் வீட்டை விட்டு வெளியேறுங்கள். பாடசாலை மண்டபம் திறந்திருக்கின்றது. அடையாள அட்டையும் மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வாருங்கள்.' இதில் அணி இல்லை, அலங்காரம் இல்லை. யார், எப்பொழுது, எங்கே, என்ன செய்வது என்ற நான்கும் உள்ளன. சொல்லப்பட்டவுடன் கால் நகர்கின்றது.

களனிக்கும் பிழைபட உணர்ந்த செய்திக்கும் பழந்தொடர்பு உண்டு. களனியை ஆண்ட திஸ்ஸன், தன் தம்பி அனுப்பிய கடிதத்தைத் தேரர் ஒருவர் எழுதியதென்று தவறாகக் கொண்டு, குற்றமற்ற அவரைக் கொல்வித்தான் என்றும், அதனாற் கடல் பொங்கி நாட்டுள் புகுந்தது என்றும் மகாவம்சம் கூறும். வரலாறாகவோ கதையாகவோ கொள்க. செய்தியைப் பிழைபடக் கொண்டமையே வெள்ளத்துக்கு முன்னே நின்ற குற்றம் என்று கண்ட அந்நூலார் கருத்து என் நெஞ்சைத் தொடுகின்றது.

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இதனை நமக்குக் கொடுமையாக உணர்த்தியது. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டிலே மலை சரிந்தது. மண் வீடுகளை மூடியது. களனி 2016 ஆம் ஆண்டின் மட்டத்தையும் கடந்து பெருகியது. ஆற்றின் கணிப்பு வெளிவந்தது, எச்சரிக்கை வெளிவந்தது. ஆனால் அவற்றுட் பல தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற குறை அந்நாட்களிற் பலராலும் வெளிப்படையாக எடுத்துரைக்கப்பட்டது. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் விதித்தது 1987 இல். அவ்விதி பெயர்ப்பலகைக்கும் படிவத்துக்கும் மட்டுமன்று. படிவம் ஒரு வாரம் பிந்தித் தமிழில் வந்தால் அலைச்சல். எச்சரிக்கை ஒரு நாழிகை பிந்தித் தமிழில் வந்தால் இழவு. மொழியுரிமை என்பது மேடைப்பொருள் என்று எண்ணுவோர், மலைச்சரிவில் உள்ள லயத்து வீட்டையும் ஆற்றோரத்துப் பலகை வீட்டையும் ஒருமுறை சென்று காண்பாராக.

இவ்விடத்திலே வங்காளதேசத்தின் வரலாறு நினைக்கத்தக்கது. 1970 நவம்பரில் அந்நாட்டுக் கரையைத் தாக்கிய சூறாவளியில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர். அதன் பின்னர், செஞ்சிலுவை இயக்கமும் அரசும் சேர்ந்து சூறாவளி ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அதன் உயிர்நாடி கருவிகளல்ல. கரையோரக் கிராமங்களிலேயே பிறந்து வளர்ந்த தொண்டர்கள். வானொலிச் செய்தியைக் கேட்டு, கொடியேற்றி, கை ஒலிபெருக்கியோடு வீடுவீடாகச் சென்று, அவ்வூர்ப் பேச்சிலே சொல்லி, முதியோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோர். 2020 மே மாதத்தில் அம்பான் சூறாவளி வந்தபோது இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். அந்நாட்டில் உயிரிழந்தோர் தொகை சில பத்துக்களுடன் நின்றது. வறிய நாடொன்று செய்தது இது. அங்கே கடலின் சீற்றம் குறையவில்லை; சொல் வீட்டு வாசலை அடைந்தது.

திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலத்தை அறியாத தமிழர் இலர். வையை பெருகிக் கரையை உடைத்தபோது, பாண்டியன் மதுரை மாந்தர் ஒவ்வொருவருக்கும் கரையிற் பங்கு அளந்து கொடுத்தான். நல்லாட்சிதான். ஆனால் ஆளில்லாத முதியவள் வந்திக்கும் ஒரு பங்கு வந்தது. பிட்டு விற்றுப் பிழைத்த அவள் என் செய்வாள்? இறைவனே கூலியாளாக வந்து மண் சுமந்தான் என்பது புராணம். அன்பின் பெருமையைப் பேசவந்த கதை அது. ஆட்சிக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. ஏட்டில் எல்லார்க்கும் சமமாகப் பங்கிட்ட திட்டம், தனித்திருக்கும் முதியவளைக் காணத் தவறிற்று. இன்றைய கிராமக் குழு வரையும் பட்டியலில் ஒவ்வொரு வந்தியின் பெயரும் இருக்கின்றதா, அவளை அழைத்து வர ஓர் ஆளின் பெயர் அதற்கு நேரே எழுதப்பட்டிருக்கின்றதா என்பதே அக்குழுவுக்கு உரைகல்.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியவை உள்ளன. வெள்ளத்தால் நனைந்த முந்திய கறை எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று மாணாக்கர் அளந்துவரட்டும். அன்று நாகலகம் வீதியில் எத்தனை அடி நின்றது என்பதை அக்கறைக்கு நேரே எழுதட்டும். அப்போது அளவுகோலின் எண் ஒழுங்கையின் எண்ணாக மாறும். அந்தத் தாயின் கேள்விக்கு அவர் மகனே விடை சொல்வான். இது கணிதப் பாடம், புவியியற் பாடம், அதைத் தெளிவாக எழுதினால் தமிழ்ப் பாடமும் ஆகும். கட்டுரைப் பயிற்சிக்கு 'நிலவொளியில் ஒரு பயணம்' என்று தலைப்பிடும் நாம், 'நம் ஒழுங்கைக்கு ஓர் எச்சரிக்கை எழுதுக' என்றும் ஒருமுறை தலைப்பிடலாம். ஐந்து வரியில், பாட்டிக்கும் தம்பிக்கும் விளங்கும்படி எழுதுபவனுக்கே முதற் புள்ளி.

நிறுவனத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். தமிழிற் பெயர்க்கப்பட்ட அறிவித்தல் வேண்டா. தமிழிலே எழுதப்பட்ட அறிவித்தல் வேண்டும். சிங்களத்தில் வெளிவரும் அதே வேளையில் அது வெளிவரல் வேண்டும். கிராமக் குழுக்களில் தமிழறிந்தார் ஒருவரேனும் இடம்பெறுதல் வேண்டும். பேலியகொடைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே மாவட்ட எல்லை உண்டு. நீருக்கு அவ்வெல்லை இல்லை. ஆகையால் இரு கரையாரும் கூடியிருந்து ஒத்திகை நடத்துதல் வேண்டும். இலக்கிய வட்டத்தார்க்கு ஒரு சொல்: மாதந்தோறும் கூடும் நம் அவைகளில் ஒரு மாலை, மாவட்டப் பிரிவின் உத்தியோகத்தரை அழைத்து அவர்தம் அறிவித்தலை நம் முன்னே வாசிக்கச் சொல்வோம். எங்கே விளங்கவில்லை என்று நாம் சொல்வோம். தமிழறிந்தோர் தமிழுக்குச் செய்யும் தொண்டுகளுள் இதுவும் ஒன்றாகும்.

செய்யுளில் ஒரு சொல் இடம் பெயர்ந்தாற் பொருள் கெடும் என்று அஞ்சி, பாடபேதம் பார்த்து, ஏட்டோடு ஏட்டை ஒப்புநோக்கியது பண்டித மரபு. அந்தக் கூர்மை ஓர் எச்சரிக்கை வாக்கியத்துக்கும் உரியது. செய்யுளிற் பொருள் கெட்டால் உரையாசிரியர் திருத்துவார். எச்சரிக்கையிற் பொருள் கெட்டால் திருத்துவார் இல்லை; நீர் வந்துவிடும்.